ஃபைட்டிங் கேமுக்குப் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபைட்டிங் கேம் ஆட வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அப்போது பொறுமையாகப் பதில் சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள், அதனால்தான் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறேன். நண்பர்களிடம் கேட்டதும் நண்பர்களுக்குச் சொன்னதுமாகச் சேர்ந்தவற்றில், திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இலிருந்து வரும், நான் தினமும் ஆடுவது அதுதான். மற்ற கேம்களில் பெயர்கள் மாறும், அடிப்படை பெரிதாக மாறாது.

ஃபைட்டிங் கேம் என்றால் எவை?

இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று, யார் முதலில் மற்றவரின் உயிர்க்கோட்டை (உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும் கோடு) காலி செய்கிறார்கள் என்று பார்க்கும் விளையாட்டுகள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1987-இல் வந்தது. ஆனால் இந்த வகைக்கே வடிவம் கொடுத்தது 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. அடுத்த ஆண்டு மார்ட்டல் காம்பாட், 1993-இல் முப்பரிமாணத்தில் விர்ச்சுவா ஃபைட்டர், 1994-இல் டெக்கன். இன்று ஆடப்படுகிற பெரும்பாலான கேம்களை இவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

எந்த கேமில் தொடங்கலாம்?

உங்கள் நண்பர் யாராவது ஏற்கெனவே ஒன்றை ஆடிக்கொண்டிருந்தால் அதையே எடுங்கள், மறுபேச்சே வேண்டாம். சேர்ந்து ஆடவும் சந்தேகம் கேட்கவும் ஓர் ஆள் இருப்பதைவிட நல்ல பயிற்சி வசதி எந்த கேமிலும் கிடையாது.

அப்படி யாரும் இல்லையென்றால், 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐச் சொல்வேன். பயிற்சிப் பகுதி நன்றாக இருக்கிறது, எந்த நேரத்திலும் ஆட ஆள் கிடைக்கிறது. 2021-இல் வந்த கில்டி கியர் ஸ்ட்ரைவ் வேகமானது, பார்க்கவும் அவ்வளவு அழகு, நகர்வதற்கான வழிகளும் அதில் அதிகம். 2024-இல் வந்த டெக்கன் 8-இல் நான்கு பட்டன்களும் இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் என்று பிரிந்திருப்பதால் தொடங்குவது எளிது. ஆனால் ஒவ்வொரு கேரக்டருக்கும் நூறுக்கு மேல் அடிகள் உண்டு. எதிராளி செய்வது என்னவென்றே புரியாமல் தோற்கும் காலம் அதில் கொஞ்சம் நீளம். அதைத் தெரிந்துகொண்டே போனால் மனம் உடையாது.

மாடர்ன் கன்ட்ரோல் வைத்து ஆடினால் அது ஏமாற்றுவேலையா?

இல்லவே இல்லை. வழக்கமாக ஸ்டிக்கை ஒரு வரிசையில் அசைத்துப் போட வேண்டிய சிறப்பு அடிதான் ஸ்பெஷல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் முறையில் ஒரு பட்டனிலேயே அது வந்துவிடும். அதற்கு விலையும் உண்டு: அப்படிக் குறுக்குவழியில் வரும் ஸ்பெஷலின் பலம் 20 சதவீதம் குறைவு, கிளாசிக் என்கிற வழக்கமான முறையில் இருக்கிற சில சாதாரண பஞ்சும் கிக்கும் இதில் கிடையாது. கேமை உருவாக்கியவர்களே கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு இது.

விரல் ஒத்துழைக்காததாலேயே நல்ல ஆட்டக்காரர்கள் பலர் முதல் வாரத்தில் விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் இந்த முறையில் தொடங்கியிருந்தால் எப்போது அடிப்பது, எப்போது பொறுப்பது என்பதை முதல் நாளே யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள். டெக்கன் 8-இல் ஸ்பெஷல் ஸ்டைல் என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அதை ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பட்டனால் மாற்றிக்கொள்ளலாம்.

சாதாரண கன்ட்ரோலர் போதுமா? ஆர்கேட் ஸ்டிக் வாங்க வேண்டுமா?

போதும். கையில் எது இருக்கிறதோ அதில் தொடங்குங்கள், கீபோர்டு கூட நன்றாகவே வேலை செய்யும். ஸ்டிக், ஸ்டிக்குக்குப் பதில் பட்டன்கள் மட்டுமே உள்ள லீவர்லெஸ் எல்லாம் பழக்கமும் விருப்பமும் சார்ந்தவை. மூன்று மாதம் ஆடிய பிறகும் விரல் வலித்தால் அப்போது யோசிக்கலாம்.

எந்தக் கேரக்டரை எடுப்பது?

பார்த்ததும் பிடித்த கேரக்டரை எடுங்கள். ‘இவர்தான் பலமானவர்’ என்று யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து எடுத்தால் பத்துத் தோல்விக்குப் பிறகு வேறு ஆளுக்குத் தாவத் தோன்றும். பிடித்து எடுத்தவரை அவ்வளவு சீக்கிரம் விட மனம் வராது.

ஒன்றுமே தோன்றவில்லையென்றால் ரியூ. தூரத்திலிருந்து எறிய ஹடோகென், தாவி வருகிறவரை வீழ்த்த ஷோர்யூகென், நல்ல நீளமான கிக் என்று அடிப்படைக்குத் தேவையான எல்லாமே அவரிடம் உண்டு. ரியூவிடம் கற்றது எந்தக் கேரக்டருக்குப் போனாலும் கூடவே வரும்.

ஹடோகென் வரவே மாட்டேன் என்கிறது. சில சமயம் கேட்காமலே ஷோர்யூகென் வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

முதலில் எண்முறையைச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டின் வலப்பக்க எண் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 5, அது ஸ்டிக்கைத் தொடாத நிலை. 2 கீழே, 6 முன்னால், 4 பின்னால், 8 மேலே. உங்கள் கேரக்டர் வலப்பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால் ஹடோகென் 236, அதாவது கீழே, கீழ்முன், முன், அப்புறம் பஞ்ச். ஷோர்யூகென் 623: முன், கீழே, கீழ்முன், பஞ்ச்.

இப்போது எதிராளியை நோக்கி நடந்துகொண்டே ஹடோகென் போடப் பார்க்கிறீர்கள். நடப்பதற்கு 6 ஏற்கெனவே அமுக்கியிருக்கிறீர்கள். அதோடு 236 சேர்ந்தால் கேமுக்குத் தெரிவது 6236. அதற்குள் 623 ஒளிந்திருக்கிறது. கேம் அதைப் பிடித்துக்கொண்டு ஷோர்யூகெனைக் கொடுத்துவிடுகிறது, நீங்கள் எதிராளிக்கு முன்னால் வெறுங்காற்றில் குத்திக்கொண்டு மேலே போகிறீர்கள். விரல் தப்புச் செய்யவில்லை, கேமும் தப்புச் செய்யவில்லை. நடையை நிறுத்தி ஒரு கணம் விட்டுப் பிறகு 236 போட்டால் சரியாகிவிடும்.

ஒன்றுமே வராமல் வெறும் பஞ்ச் மட்டும் வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 3-ஐத் தாண்டிக் குதித்து 2-இலிருந்து நேராக 6-க்குப் போயிருப்பீர்கள், அல்லது 6-க்கு வருவதற்கு முன்பே பஞ்சை அமுக்கியிருப்பீர்கள். டிரெய்னிங் மோடில் நீங்கள் அமுக்கியதையெல்லாம் திரையோரத்தில் வரிசையாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மெதுவாகச் செய்யுங்கள். வேகம் தேவையே இல்லை, வரிசை சரியாக இருந்தால் போதும். இடப்பக்கம் பத்து முறை, வலப்பக்கம் பத்து முறை. ஒரு பக்கம் மட்டும் பழகிவிட்டு மறுபக்கம் திணறுவது எல்லோருக்கும் நடக்கிறது.

எத்தனை காம்போ மனப்பாடம் செய்ய வேண்டும்?

காம்போ என்றால் முதல் அடி விழுந்ததும் எதிராளி தடுக்க முடியாமல் அடுத்தடுத்து விழும் அடித்தொடர். தொடங்கும்போது இரண்டு. எங்கே வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய காம்போ ஒன்று. எதிராளி பெரிய தப்புச் செய்து திறந்து நிற்கும்போது போட கொஞ்சம் பெரியது ஒன்று.

காம்போ என்பதே தற்செயலாகப் பிறந்த விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ உருவாக்கியபோது, காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார் நோரிடகா ஃபுனமிசு. ஓர் அடி முடிவதற்குள் இன்னோர் அடியை நுழைக்க முடிவதைக் கவனித்தார். சாதாரணமாக ஆடுகிறவர்களுக்கு இது கைவராது என்று நினைத்து, நீக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் தற்செயல்தான் இன்று புதியவர்களை அதிகம் பயமுறுத்துகிறது.

காம்போ தெரிந்தால் முதல் அடி விழுந்த பிறகு கூடுதல் பலன் கிடைக்கும். அந்த முதல் அடியை விழவைப்பது வேறு வேலை, கஷ்டமும் அதில்தான். முப்பது நாள் காம்போ மட்டும் பழகிவிட்டு மேட்சுக்கு வந்து, முதல் அடியே கிடைக்காமல் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களின் நேரத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பிரேம் டேட்டா என்கிறார்களே, கணக்கெல்லாம் படிக்க வேண்டுமா?

கணக்கு என்ற பேச்சைக் கேட்டே பலர் ஓடிவிடுகிறார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், வாருங்கள்.

இந்த கேம்கள் ஒரு நொடியை 60 பிரேமாக, அதாவது 60 படங்களாகப் பிரித்து ஓடுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் மூன்று பகுதி உண்டு: கையை ஓங்கும் நேரம், அடி விழக்கூடிய நேரம், கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் நேரம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக வேகமான சாதாரண அடிகள் நான்காவது பிரேமிலேயே விழும். டெக்கனில் சாதாரண ஜாப் (வேகமான சிறு குத்து) 10 பிரேம்.

எதிராளியின் அடி ஒன்றை நீங்கள் தடுக்கிறீர்கள். அவர் கையை இழுத்துக்கொள்ள நேரமாகிறது, நீங்கள் தடுத்த அதிர்விலிருந்து அதற்கு முன்பே விடுபடுகிறீர்கள். இந்த வித்தியாசத்தைத்தான் மைனஸ் என்கிறார்கள். அவருக்கு மைனஸ் 2 என்றால் நீங்கள் 2 பிரேம் முன்னால் இருக்கிறீர்கள். இருவரும் ஒரே வேகமுள்ள ஜாபை அமுக்கினால் உங்களுடையதுதான் விழும். மைனஸ் 4 என்றால் கதையே வேறு: உங்கள் 4 பிரேம் ஜாப் எட்டும் தூரத்தில் இருந்தால், அவர் எதையும் அமுக்குவதற்கு முன்பே அது விழுந்துவிடும். தடுத்துக்கொள்ளக்கூட அவருக்கு நேரம் கிடையாது.

இவ்வளவுதான். ‘நான் முதலில் அமுக்கினேனே, ஏன் என் அடி வரவில்லை?’ என்று தோன்றும் இடங்கள் முக்கால்வாசிக்கு இதுவே காரணம். அவர் அடித்து நீங்கள் தடுத்தபின் யாருடைய முறை என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. மைனஸில் இருக்கும்போது பட்டனை அமுக்குவது, பேசிக்கொண்டிருப்பவரின் வாக்கியம் முடிவதற்குள் குறுக்கே பேசுவது போன்றது.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கேரக்டரின் மிக வேகமான அடி எது, நீங்கள் அதிகம் போடும் மூன்று நான்கு அடிகள் தடுக்கப்பட்டால் என்ன ஆகும், இது தெரிந்தால் பல மாதம் ஓட்டலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரெய்னிங் மோடில் பிரேம் மீட்டரைப் போட்டால் திரையின் அடியில் கட்டம் கட்டமாக, நிறம் நிறமாக எல்லாம் தெரியும்.

எதிராளி தாவிக்கொண்டே இருக்கிறார். பார்க்கிறேன், ஆனால் கை வருவதில்லை.

ஒரு தாவல் ஏறத்தாழ முக்கால் நொடி. கண் பார்த்து விரல் அசைவதற்குக் கால் நொடிக்குள்தான் ஆகும். கணக்குப்படி நேரம் தாராளமாக இருக்கிறது, ஆனாலும் கை வராது. காரணம் என்னவென்றால், அந்த நேரத்தில் உங்கள் மனம் வேறு இடத்தில் இருக்கிறது. காம்போ நினைவிருக்கிறதா, அவர் பிடித்துத் தூக்குவாரா, உயிர் எவ்வளவு மிச்சம், மூலைக்குப் போய்விட்டேனா என்று ஏழெட்டு விஷயத்தை ஒரே நேரத்தில் சுமந்துகொண்டிருக்கும்போது எட்டாவதாகத் தாவல் வந்தால் கண் பார்த்தும் மூளை பார்க்காது.

நான் சொல்லும் பயிற்சி இது. பத்து மேட்ச் ஆடுங்கள், வெற்றி தோல்வியை எண்ணாதீர்கள். ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: அவர் தாவியபோது எத்தனை முறை கீழே இறக்கினேன்? ரியூவாக இருந்தால் குனிந்து ஹெவி பஞ்ச், அவ்வளவுதான். காம்போ வேண்டாம், ஷோர்யூகென்கூட வேண்டாம். முதல் மூன்று மேட்சில் ஒன்றிரண்டுதான் வரும். ஏழாவது எட்டாவதில் அவர் தாவுவதற்கு முன்பே ‘இப்போது தாவப்போகிறார்’ என்று தோன்ற ஆரம்பிக்கும். அந்த உணர்வு முதன்முறை வரும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே இந்த விளையாட்டை ஆடலாம்.

நான் தடுத்துக்கொண்டே இருந்தாலும் பிடித்துத் தூக்கிப் போடுகிறார். இது நியாயமா?

நியாயம்தான். கல், காகிதம், கத்தரிக்கோல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடியைத் தடுப்பு வெல்லும், தடுப்பைப் பிடி வெல்லும், பிடிக்க வருகிறவரை வேகமான அடி வெல்லும். தடுப்பை எதுவுமே வெல்லாவிட்டால் இருவரும் குனிந்தே உட்கார்ந்திருப்போம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பிடி 5 பிரேமில் வந்துவிடும், பார்த்துத் தடுக்க முடியாது. ஊகித்துத்தான் அதே நேரத்தில் நீங்களும் பிடி பட்டனை அமுக்க வேண்டும். எப்போதும் ஊகித்தால் அதையும் அவர் கண்டுபிடித்து, கிட்டே வந்து ஓரடி பின்வாங்கி, உங்கள் பிடி காற்றில் போனதும் அடிப்பார். அதனால் சில பிடிகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிடியால் ஆட்டம் போய்விடாது.

டிரைவ் இம்பாக்ட் ஒவ்வொரு முறையும் என்னைச் சுவரில் சாய்க்கிறது.

மை தெறித்த மாதிரி நிறத்தோடு வரும் அந்தப் பெரிய அடி 26 பிரேம் எடுக்கும், அதாவது அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. பார்த்ததும் நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போட்டால் பின்னால் போட்டவரான உங்களுடையது வெல்லும். டிரெய்னிங் மோடில் பொம்மையைக் கண்டபடி இடைவெளி விட்டு இதைப் போடச் சொல்லிப் பதிவுசெய்துவிட்டு தினம் ஐந்து நிமிடம் பதிலடி பழகுங்கள். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஒன்றை மறக்க வேண்டாம்: மூலையில் நின்றுகொண்டு தடுத்தாலும் சுவரில் மோதித் திறந்து நிற்பீர்கள், அங்கே தடுப்பை நம்ப முடியாது.

தொடர்ந்து தோற்கிறேன். எனக்கு இது வராதோ?

வரும். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒரு தம்பி எனக்கு ஒரு ரீப்ளே அனுப்பினான். ‘அண்ணா, நான் வேஸ்ட். இந்த ரியூகிட்ட என்னால ஒண்ணுமே பண்ண முடியல’ என்று கூடவே ஒரு செய்தி. இருவரும் குரலில் பேசிக்கொண்டே பார்த்தோம். எதிராளி ரியூ தூரத்தில் நின்று ஹடோகென் எறிகிறார். தம்பி தாவுகிறான். ரியூ ஷோர்யூகென் போடுகிறார், இவன் தரையில் விழுகிறான். எழுகிறான், மறுபடி ஹடோகென், மறுபடி தாவல், மறுபடி தரை. மேட்ச் முழுவதும் எண்ணினோம்: பதினொரு முறை தாவியிருந்தான், ஒன்பது முறை அடி வாங்கியிருந்தான்.

‘இதுல எத்தனை தடவை அவரு உன்னை வேற விதமா அடிச்சாரு?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘அண்ணா, அவரு வேற எதுவுமே பண்ணல.’

அதுதான் விஷயம். ‘நான் வேஸ்ட்’ என்பதற்கு உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘ஹடோகென் வரும்போது தாவாமல் என்ன செய்யலாம்?’ என்பதற்கு அரை நிமிடத்தில் சொல்லலாம். நடந்து வந்து தடுக்கலாம். அடியைத் தாங்கிக்கொள்ளும் டிரைவ் பாரி பட்டனைப் பிடித்து வாங்கினால், டிரைவ் அடிகளுக்குச் செலவாகும் டிரைவ் கோடும் கொஞ்சம் நிரம்பும். நேராக மேலே தாவிக் கீழே இறங்கலாம். ஒவ்வொரு ஹடோகெனுக்கும் ஓரடி முன்னேறினால் போதும். கொஞ்ச நேரத்தில் உங்கள் கிக் எட்டும் தூரம் வந்துவிடும், அங்கே நின்று ஹடோகென் எறிய ரியூவுக்குத்தான் பயம்.

எறிந்து தாவவைப்பது, தாவினால் அடிப்பது என்ற இந்த வலை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்திலிருந்து இருக்கிறது. அதில் விழாத ஆட்டக்காரரே கிடையாது. தம்பி அன்று ராத்திரி அதே ஆளோடு மறுபடி ஆடினான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுவிட்டு எனக்கு எழுதினான்: ‘ரெண்டு தடவைதான் ஷோர்யூகென் வாங்கினேன். இப்ப அவரு கிட்ட வந்து பிடிக்கிறாரு. அதுக்கு என்ன பண்ணணும்?’ ஒரே நாளில் அவன் கேள்வி மாறிவிட்டது. வளர்ச்சி என்று நான் பார்ப்பது இதைத்தான்.

அப்படியானால் கேள்வியை எப்படிக் கேட்பது?

எந்த கேம், நீங்கள் எந்தக் கேரக்டர், எதிராளி எந்தக் கேரக்டர், எந்த இடத்தில் சிக்கினீர்கள், நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

‘கென்னை எப்படி ஜெயிப்பது?’ என்று கேட்டால் பதில் சொல்பவர் ஒரு புத்தகம் எழுத வேண்டும், எழுத மாட்டார். ‘நான் சுன்-லீ. மூலையில் இருக்கிறேன். கென்னின் கிக் தொடரில் முதல் கிக்கைத் தடுத்ததும் ஜாப் அமுக்குகிறேன், அடுத்த கிக் விழுகிறது. அமுக்காமல் இருந்தால் பிடித்துவிடுகிறார்’ என்று கேட்டுப் பாருங்கள். கென் ஆடுகிற யாராவது ஓடி வந்து பதில் சொல்வார்கள், ஏனென்றால் இந்தக் கேள்வியில் பாதி பதில் ஏற்கெனவே இருக்கிறது.

ரீப்ளே அனுப்பினால் எந்த ரவுண்டு, கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம் இருக்கும்போது நடந்தது என்றும் சொல்லுங்கள். டெக்கன் 8-இல் ரீப்ளேயை நடுவில் நிறுத்தி நீங்களே கன்ட்ரோலை எடுத்து அந்த இடத்தை மறுபடி ஆடிப் பார்க்கலாம், எங்கே திருப்பி அடித்திருக்கலாம் என்று கேமே சொல்லும். கேட்பதற்கு முன்பு அதை ஒருமுறை செய்து பாருங்கள்.

நானே புதியவன். அடுத்தவர் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். நேற்று கற்றவருக்குத்தான் எங்கே வலித்தது என்று நன்றாக நினைவிருக்கும். பத்து வருடம் ஆடியவர் ‘அது தானா வந்துடும்’ என்று சொல்லிவிடுவார், அவருக்கு எப்படி வந்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ரீப்ளேயில் பதினைந்து தப்புத் தெரியும், பதினைந்தையும் கொட்டினால் கேட்பவர் அடுத்த நாள் கேமையே திறக்க மாட்டார். அதிகமாக உயிரைக் குடித்த தப்பு எது என்று பார்த்து அதை மட்டும் சொல்லுங்கள், மற்றது காத்திருக்கட்டும். டிரெய்னிங் மோடில் செய்து பார்க்காத பதிலை உறுதியாகச் சொல்லவும் வேண்டாம். செய்து பார்க்க இரண்டு நிமிடம் போதும், அதில் நீங்களும் ஒன்று கற்பீர்கள்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கற்க முடியுமா?

முடியும், உங்கள் கேரக்டரை ஆடுகிறவரைப் பார்த்தால் இன்னும் நல்லது. காம்போவை விட்டுவிட்டு அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் அர்ஸ்லான் ஆஷைப் பற்றிச் சொல்வேன். பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்தவர். ஈவோ என்பது ஃபைட்டிங் கேம்களுக்கான பெரிய போட்டி. 2019-இல் ஜப்பானில் நடந்த ஈவோ ஜப்பான், அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை வென்றார். அதுவரை உலக மேடைகளில் அதிகம் கேள்விப்படாத இடத்திலிருந்து இப்படி ஒருவர் வந்தது எல்லோரையும் திகைக்க வைத்தது. என் ஊரிலேயே இதே அளவு பலமானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது. ஒருவரை ஒருவர் தினமும் சோதித்துக்கொண்டு, கேட்டும் சொல்லியும் வளர்ந்த ஒரு கூட்டம் அது. அவருடைய வெற்றிக்குப் பின்னால் அத்தனை பேரின் கேள்விகளும் இருக்கின்றன.

வயதாகிவிட்டது. ரிஃப்ளெக்ஸ் இல்லாமல் ஆட முடியுமா?

ஈவோ 2004-இல் டைகோ உமெஹாராவும் ஜஸ்டின் வாங்கும் ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் மேட்சைப் பாருங்கள். டைகோவின் கென்னுக்கு உயிர் நூலளவு. தடுத்தால்கூடச் செத்துவிடுவார். ஜஸ்டினின் சுன்-லீ போட்ட சூப்பரின் (மிகப் பெரிய சிறப்பு அடி) 15 அடிகளையும் ஒவ்வொன்றாக, சரியான கணத்தில் தட்டிவிட்டு, அதாவது பாரி செய்துவிட்டுத் திருப்பி அடித்து வென்றார். அரங்கமே எழுந்து நின்று கத்தும்.

அதை ரிஃப்ளெக்ஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் சூப்பர் தொடங்கியதைப் பார்த்த பிறகு முதல் பாரியைச் செய்ய ஏறக்குறைய நேரமே இல்லை. ஜஸ்டின் இதைப் போடுவார் என்று டைகோ முன்பே எதிர்பார்த்துக் காத்திருந்தார். மீதியெல்லாம் பழகி வைத்திருந்த தாளம். எதிர்பார்ப்பதும் பழகுவதும் எந்த வயதிலும் செய்யலாம். இரண்டு பத்தாண்டு கழித்தும் அவர் போட்டிகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

ஆன்லைனில் எதிராளி திடீரென்று இடம் மாறித் தோன்றுகிறார். நெட் பிரச்சினையா?

ஆம், அதற்குப் பின்னால் இருக்கும் வேலை அழகானது. பழைய முறையில் எதிராளியின் பட்டன் உங்கள் பக்கம் வந்து சேரும்வரை கேம் காத்திருக்கும், அதனால் உங்கள் பட்டனும் தாமதமாகும். தண்ணீருக்குள் சண்டை போடுவது போல இருக்கும். ரோல்பேக் முறையில் கேம் காத்திருக்காது. எதிராளி செய்துகொண்டிருந்ததையே தொடர்வார் என்று ஊகித்து ஓடும். ஊகம் தவறினால் சில பிரேம் பின்னால் போய்ச் சரியானதை மறுபடி கணக்கிட்டுக் காட்டும். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு இடம் மாறுவதாகத் தெரிகிறது.

இதை ஃபைட்டிங் கேமில் பரவச் செய்தது டோனி கேனன் எழுதிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள். ஈவோவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 2006-இல் வெளிவந்த ஓர் ஆன்லைன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பதிப்பில் தாமதம் தாங்காமல் தானே உட்கார்ந்து எழுதியது. 2019-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்தும் விட்டார். ஆட்டக்காரர் ஒருவரின் மனக்குறையிலிருந்து பிறந்து எல்லா ஆட்டக்காரருக்கும் உதவியது அது. உங்களால் செய்ய முடிந்தது ஒன்று: வைஃபையை விட்டுவிட்டு கம்பி வழியாக இணையுங்கள். உங்களுக்கும் நல்லது, எதிரில் ஆடுகிறவருக்கும் நல்லது.

ரேங்க்டு எப்போது ஆடலாம்?

முதல் வாரமே. உங்கள் அளவுக்கு ஏற்ற ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கே ரேங்க் இருக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் ரேங்க் இல்லாத கேஷுவல் ஆட்டங்களில் பலசாலிகளிடம் மட்டும் சிக்கி, நாம் மோசம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

முக்கால் மணி நேரம் கிடைத்தால் போதும். பத்து நிமிடம் டிரெய்னிங், அரை மணி நேரம் மேட்ச், மிச்ச ஐந்து நிமிடம் தோற்ற ஒரு மேட்சின் ரீப்ளே. ஞாயிறு மட்டும் ஐந்து மணி நேரம் ஆடுவதைவிட இது கைக்கு நன்றாகப் பிடிக்கும். விரலோ மணிக்கட்டோ வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தோற்ற பிறகு எதிராளியிடமே கேட்கலாமா?

கேளுங்கள். கேமில் செய்தி அனுப்ப வழியிருந்தால் ‘நல்ல ஆட்டம். நான் எதை அதிகமாகச் செய்தேன்?’ என்று மட்டும் எழுதுங்கள். பலர் பதில் அனுப்ப மாட்டார்கள், பரவாயில்லை. ஒருமுறை ஒருவர் எனக்குத் திருப்பி எழுதினார்: ‘தரையிலிருந்து எழும்போதெல்லாம் ஜாப் அமுக்குகிறீர்கள். அதற்காகவே காத்திருந்தேன்.’ அப்புறம் மறுபடி ஆடலாமா என்று அவரே கேட்டார். அன்று பதினான்கு மேட்ச் ஆடினோம். நான் மூன்றில் ஜெயித்தேன், அந்த மூன்றிலும் எழும்போது ஜாபைத் தொடவே இல்லை.